தூண்களுக்கு மட்டும்

அசையக் கூடாது என்று சொன்ன நொடியிலிருந்தே தேவசேனாபதிக்கு மூக்கு நுனி அரிக்கத் தொடங்கியது. கை இரண்டையும் உடம்போடு சேர்த்துப் பட்டையால் கட்டியிருந்தார்கள், முகத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கூண்டு, அதற்கும் மேலே நாலு விரல் தூரத்தில் ஸ்கேன் குழாயின் கூரை, வலது உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்து. ரொம்ப முடியலைன்னா அத அமுக்குங்க சார், வெளிய எடுத்துருவோம், ஆனா பாதியில அமுக்கிட்டீங்கன்னா மறுபடி மொதல்லேர்ந்துதான் எடுக்கோணும் என்று டெக்னீஷியன் பெண் சொல்லியிருந்தாள். இப்போது அவள் குரல் ஹெட்போனுக்குள் வந்தது, மொத செட்டு நாலு நிமிஷம்ங்க சார். டக், டக், டக், பிறகு மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு நீண்ட உறுமல். உள்ளே தள்ளும்போது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பத்தொன்று, அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான், பார்க்காமல் வந்திருந்தால் தேவலை. பதினோரு மணிக்கு வீடியோ தானாகவே வெளியே போகும். அவன் இந்தக் குழாய்க்குள் கிடந்தாலும் போகும், செத்தே போயிருந்தாலும் போகும், அப்படித்தான் நேற்றே நேரம் குறித்து வைத்திருக்கிறான். அந்த வீடியோவில் அவன் நீலக் கோடு போட்ட சட்டையில் சிரித்த முகமாக, வெர்டோரா கிரிப்டோ காயினில் போட்ட பணத்தை யாரும் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள், நானே நேற்று எடுத்துப் பார்த்தேன், பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டது, இதோ பாருங்கள் என்கிறான். அவன் சொல்லும் நேற்று, நாலு மாசத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. போனை லாக்கருக்குள் வைக்கப் போன கடைசி நிமிஷத்தில் ரோனியிடமிருந்து வந்த செய்தியோ இப்படி இருந்தது: பன்னிரண்டு மணிக்குப் பணம் எடுப்பதை நிறுத்துகிறோம், திரும்ப எப்போது என்று தெரியாது, தூண்களுக்கு மட்டும் சொல்கிறேன், உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள், பதினோரு மணி வீடியோ வரட்டும். அதைப் படித்தான், படித்துவிட்டு லாக்கரைப் பூட்டினான், பூட்டிச் சாவியை அட்டெண்டரிடம் கொடுத்தான், வெள்ளி அரைஞாணைக் கழற்றிக் கொடுத்தான், வந்து படுத்துவிட்டான்.

ரோனி யார் என்றே தெரியாது. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குதிரை, பேச்சு துபாய் நேரப்படி, தமிழ் எங்கேயோ காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட தமிழ். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன்தான் எழுதினான், சார் உங்கள் வீடியோ பார்த்தேன், வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசுகிறீர்கள், எங்கள் காயினைப் பற்றித் தமிழில் சொல்ல ஆள் இல்லை என்று. அப்போது காந்திபுரத்தில் டேலி கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த இன்ஸ்டிட்யூட்டை இழுத்து மூடியிருந்தார்கள், தேவசேனாபதி வீட்டில் உட்கார்ந்து கேஸ் மானியம் வந்ததா என்று போனில் பார்ப்பது எப்படி என்கிற ரகத்தில் வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். காசுக்காகத்தான் போனான் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பதினேழு வருஷம் கரும்பலகை முன்னால் நின்று பழகியவனுக்கு, எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய அவமானம் என்பது அவனுக்குத்தான் தெரியும். வெர்டோரா அவனுக்கு மறுபடி ஒரு வகுப்பைக் கொடுத்தது. கூடவே புள்ளிகளும் கொடுத்தது, புள்ளிகள் காயினாக மாறின. ஆட்களைச் சேர்த்தால் துளிர், சேர்ந்தவர்கள் தங்கினால் கிளை, முந்நூறு பேர் மூன்று மாசம் பணத்தை எடுக்காமல் தங்கினால் தூண். சூட்சுமமே அங்கேதான். கூட்டி வந்ததற்குக் கொடுப்பது கொசுறு, போகாமல் பார்த்துக்கொள்வதற்குக் கொடுப்பதுதான் முழுப் பரிசு, ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் அவனுக்கும் புள்ளி கழியும். ஆகவே யார் எப்போது பயப்படுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே தொழிலாகிவிட்டது. பயம் சொல்லிக்கொண்டா வருகிறது, காயின் விலை சரிந்த மறுநிமிஷம் வருகிறது, அந்த மறுநிமிஷமே தமிழில் முதல் ஆளாக வீடியோ போட்டால் அதற்குத் தனிப் பரிசு. நாகர்கோவில்காரன் ஒருத்தன் எப்போதும் முந்திக்கொண்டான். தேவசேனாபதி யோசித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து சட்டையைக் கட்டில்மேல் போட்டு, ஒன்று மாற்றி ஒன்று உடுத்தி, பயப்படாதீர்கள் என்று ஐந்து வீடியோ பேசி எடுத்தான், நடுவில் ஒரு வீடியோவுக்கு மட்டும் சந்தனம் வைத்துக்கொண்டான், தினம் வேறு மாதிரி தெரியட்டுமே என்று. அவற்றை வைத்த கோப்புக்குப் பயம் என்று பேர் வைத்தான். வெள்ளைச் சட்டை செப்டம்பரில் போனது, கட்டம் போட்டது தீபாவளி கழித்துப் போனது. நீலக் கோடு இன்றைக்கு.

அடுத்தது ஆறு நிமிஷம்ங்க சார், எச்சில் முழுங்காதீங்க. எச்சில் முழுங்காதே என்றால்தான் வாயெல்லாம் எச்சில் ஊறுகிறது. நாலு முடிந்தது, நடுவில் ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் இப்போது பத்து நாற்பத்தாறு, இந்த ஆறு முடிந்தால் ஐம்பத்திரண்டு. கடகடகட என்று இம்முறை சத்தம் வேறு, பல்லுக்குள் இறங்குகிற சத்தம். கழுத்துக்குள் என்ன இருக்கிறதோ, தோளிலிருந்து விரல் வரை மரத்துப்போவது வெறும் எலும்புத் தேய்மானமா அல்லது வேறு ஏதாவதா, டாக்டர் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க பேசலாம் என்று சொன்னபோது முகத்தைப் பார்க்காமல் சொன்னாரே, ஏன் பார்க்கவில்லை. மனைவி கோகிலா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வந்திருந்தால் போன் அவள் கையில் இருந்திருக்கும். இருந்திருந்தால் என்ன, அவளுக்குக் கடவுச்சொல் தெரியாது. கருணாம்பாக்கா இப்போது போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இது ஊகமில்லை, அவளே சொன்னாள். நேற்று சாயங்காலம், அவன் சேர்த்தவர்களுக்கென்று ரோனி நடத்தும் குழுவில் எழுதினாள், தம்பி எனக்கு மனசு ஒரு நிலையா இல்ல, எடுத்துரட்டுங்களா என்று. உடுமலைப்பேட்டைப் பக்கம் நூற்பாலையில் பதினெட்டு வருஷம் கோன் சுற்றியவள், ஆலை மூடியபோது கைக்கு வந்த பி.எஃப். பணம் மொத்தத்தையும் அவன் பேச்சைக் கேட்டு இதில் போட்டவள். ஞாயிற்றுக்கிழமைக் குரல் அரட்டையில் அவள்தான் முதல் ஆளாக வருவாள், பின்னால் குக்கர் விசில் கேட்கும். சந்தேகம் கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டீங்களா தம்பி என்பாள். முட்டியில் ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதற்குத்தான் அந்தப் பணம், காயின் இன்னும் கொஞ்சம் ஏறட்டும், ரெண்டு முட்டியையும் ஒண்ணாப் பண்ணிக்கறேன் என்று சிரித்தாள். எடுத்துரட்டுங்களா என்று அவள் கேட்டதற்கு அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்குப் பதினோரு மணிக்கு வீடியோ போடறேங்க அக்கா, அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எவ்வளவு பொறுப்பான பதில். இன்னும் நூறு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

ஏன் பூட்டினான். அங்கேயே வந்து வந்து இடிக்கிறது. அட்டெண்டர் பெரியவர் அவசரப்படுத்தவில்லை, மெதுவா வாங்க சார் என்றுதான் சொன்னார், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வீடியோவை நிறுத்த மூன்று தடவை விரலை வைத்தால் போதும். தன் பணத்தை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, ஆகவே பேராசை என்று சொல்ல முடியாது, பயந்துவிட்டான், அதிர்ச்சி, யாராக இருந்தாலும் அப்படித்தான். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தான், ஆமாம், அதுதான், வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான், முழு முதுகெலும்புக்கும் நாற்பது நிமிஷம் ஆகும் என்று இந்தப் பெண் படுத்த பிறகுதானே சொன்னாள். படுத்த பிறகா, படுக்கும் முன்பா? பேப்பரில் கையெழுத்து வாங்கும்போதே சொன்னாள். நாற்பதுல இருந்து அம்பது ஆகுங்க சார், பாத்ரூம் போய்ட்டு வந்துருங்க என்றாள், அவனும் போய்விட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் லாக்கர். அதற்குப் பிறகுதான் ரோனி. கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், நாற்பத்தொன்றோடு நாற்பதைக் கூட்டத் தெரியாதா. சாவியைத் திருகியபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. இப்போது அதை மறுபடி நினைத்துப் பார்க்கிறான், பார்க்க வேண்டாம் என்று இருக்கிறது, ஆனாலும் இந்தக் குழாய்க்குள் பார்ப்பதற்கு வேறு என்னதான் இருக்கிறது. பயம் இல்லை அது. நிம்மதி. நான் ஸ்கேனுக்குள் இருந்தேனுங்க, போன் கையில் இல்லை, வெளியே வந்து பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது, எனக்கும்தான் போய்விட்டது என்று சொல்லலாம். பில் இருக்கிறது, நேரம் போட்ட ரிப்போர்ட் இருக்கும், வேண்டுமானால் படத்தையே வீடியோவில் காட்டலாம், கழுத்தெலும்பைக் காட்டி அழலாம். சாவி திரும்புவதற்குள் அவ்வளவும் அவன் மனசில் ஓடி முடிந்திருந்தது. அந்த அழுகை வீடியோவுக்கு எந்தச் சட்டை என்பது மட்டும்தான் பாக்கி. தேவசேனாபதிக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. தன்னைப் பார்த்து இப்படி அருவருப்படைந்தது அவனுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

அடுத்தது கொஞ்சம் பெருசுங்க சார், ஒம்பது நிமிஷம், நல்லா ஒத்துழைக்கறீங்க. ஐம்பத்திரண்டோ ஐம்பத்துமூன்றோ. ஒன்பது முடிந்தால் பதினொன்று தாண்டிவிடும். அமுக்கு. அமுக்கினால் மறுபடி முதலிலிருந்து, ஐம்பது நிமிஷம், இன்னொருவருக்கு நேரம் கொடுத்திருப்பார்கள், முணுமுணுப்பார்கள், போகட்டும், முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அமுக்கிவிட்டால் வெளியே போக வேண்டும், போனை எடுக்க வேண்டும், எடுத்துவிட்டால் எனக்குத் தெரியாது என்று பிறகு எவனிடமும் சொல்ல முடியாது. அதுதான் கை வரவில்லை. நாளைக்கே நாகர்கோவில்காரன் சொல்லுவான், தேவசேனாபதிக்கு முன்கூட்டியே தெரியும் என்று. அவனும் தூண்தான், அவனுக்கும் செய்தி போயிருக்கும், அவன் இந்நேரம் தன்னுடையதை எடுத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பான். முந்நூற்றுப் பத்துப் பேர். அவர்களில் முகம் தெரிந்தது எத்தனை, ஒன்றுமில்லை, எல்லாம் பூ, சாமி, நடிகர், குழந்தை. கருணாம்பாக்காவுடையது ஒரு தையல் மெஷின். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள், கண்ணாடியைத் தேடுவாள், பதினோரு மணிக்கு முன்னாலேயே திறந்து வைத்துவிட்டு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், தம்பி என்ன சொல்லப்போகிறது என்று. அவள் அம்மா மாதிரி என்றெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை, பொய் சொல்லக் கூடாது. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிற, எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற, அதனாலேயே தவறாகச் சொல்லிக் கொடுத்தாலும் தவறாகவே மனப்பாடம் செய்துகொள்கிற பிள்ளை ஒன்று எல்லா வருஷமும் இருக்கும். அந்தப் பிள்ளைக்குத்தான் வாத்தியார் பயப்பட வேண்டும். டடடடட என்று குழாய் முழுக்க அதிர்ந்தது. அமுக்கிவிட்டான். ஒரு தடவை அமுக்கியதே போதும், அவன் அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"என்னாச்சுங்க சார்? மூச்சு முட்டுதுங்களா?"

"போன். என் போன் வேணும்."

"முடிய ஏழு நிமிஷந்தான் சார் இருந்துச்சு இந்த செட்டு." அவள் சலித்துக்கொண்டாலும் கூண்டைக் கழற்றினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பத்தாறு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது, ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்கு அழுகையே வந்தது. பச்சை அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். அட்டெண்டர் சாவியை எந்தப் பையில் வைத்தோம் என்று மூன்று பையையும் தடவினார். லாக்கர் திறந்தபோது ஐம்பத்தெட்டு. பெஞ்சில் உட்கார்ந்தான். போனை எடுத்தான். மூன்று தடவை விரல் வைக்க வேண்டிய இடம் அவனுக்குத் தெரியும், குழாய்க்குள் படுத்தபடி அதை மனசுக்குள் பத்துத் தடவையாவது வைத்துப் பார்த்திருக்கிறான். விரல் வெர்டோராவைத் திறந்தது. ஒரே நிமிஷம், என்னுடையதை மட்டும் எடுக்கப் போட்டுவிட்டு அதைப் பார்க்கிறேன், கோகிலாவின் வளையலை அடகு வைத்த பணமும் இதில்தானே இருக்கிறது என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். கடவுச்சொல் கேட்டது, தப்பாக அடித்தான், மறுபடி அடித்தான். எல்லாவற்றையும் எடு என்பதை அமுக்கினான். உங்கள் கோரிக்கை பரிசீலனையில் என்று ஒரு வட்டம் சுற்றியது. நிமிர்ந்து பார்த்தபோது பதினொன்று மூன்று.

நீலக் கோட்டுச் சட்டை வெளியே வந்து மூன்று நிமிஷமாகியிருந்தது. கீழே முதல் ஆளாகத் தையல் மெஷின். பாத்தேன் தம்பி, எடுக்கலாம்னு எல்லாம் போட்டு வெச்சிருந்தேன், இப்பத்தான் வேண்டாம்னுட்டேன், நீங்க நல்லா இருக்கோணும். வீடியோவை அழித்தான். குழுவில் எழுத வேண்டும், எல்லாரும் எடுங்கள் என்று எழுத வேண்டும், ஆனால் முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போனால் வரிசை அடைத்துக்கொள்ளும், தன்னுடைய வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒருத்திக்கு மட்டும் சொல்லலாம் என்று முடிவு பண்ணினான். சேரும்போது நிரப்பிய படிவத்தில் அவள் நம்பர் இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"அல்லோ, யாருங்க?"

"அக்கா, நான் தேவசேனாபதி பேசறனுங்க. வீடியோ போடற தேவசேனாபதி. உடனே பணத்த எடுத்துருங்கக்கா. பன்னண்டு மணிக்கு மூடறாங்க."

மறுமுனையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. "கொரலு அப்படியேதான் இருக்குது."

"நானேதானுங்கக்கா. ஞாயித்துக்கிழமை பேசறமே. உங்க முட்டி ஆபரேஷன், மில்லு, பதினெட்டு வருஷம்…"

"அதெல்லாம் எங்கிருந்து எடுத்தே நீ? எங்க தம்பி ஒவ்வொரு வீடியோ முடிவுலயும் தலைப்பாடா அடிச்சுக்குது, நான் யாருக்கும் போன் பண்ண மாட்டேன், என் கொரலையும் மூஞ்சியையும் கம்ப்யூட்டர்ல பண்ணிப் பணத்த எடுங்கம்பானுங்க, நம்பாதீங்கன்னு. வெக்கமா இல்ல? கஷ்டப்பட்டுச் சம்பாரிச்ச காசுடா. வையிடா போன."

ஆமாம், சொன்னான். அது கம்பெனி எழுதிக் கொடுத்த வரி, வேறு காயின்காரர்கள் அவன் ஆட்களைக் கொத்திக்கொண்டு போகாமல் இருப்பதற்காக, ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு முறை சொன்னால் அதற்கும் புள்ளி. ஐந்து சட்டையிலும் சொன்னான். மறுபடி கூப்பிட்டான், அவள் அவன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டிருந்தாள். பெஞ்சின் பக்கத்தில் வந்து நின்ற டெக்னீஷியன் பெண் தண்ணி குடிக்கறீங்களா சார் என்று கேட்டாள், அவன் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்று இருபத்திரண்டுக்கு வட்டம் நின்றது. உங்கள் பணம் அனுப்பப்பட்டது. பார்த்ததும் அவனுக்குப் பெருமூச்சு வந்தது, வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அப்புறம்தான் குழுவைத் திறந்து ஒரே மூச்சில் அடித்தான்: எல்லாரும் இப்போதே பணத்தை எடுத்துவிடுங்கள், பன்னிரண்டு மணிக்கு மூடுகிறார்கள், காலையில் வந்த வீடியோ பொய், பழசு, நான் தேவசேனாபதிதான் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

பிறகு கருணாம்பாக்காவின் குரல் செய்தி வந்தது, ஓடி வந்து பேசுகிறவளைப் போல மூச்சு வாங்கியது.

"சாமீ, எல்லாரும் கேட்டுக்குங்க. இப்பத்தான் அந்தத் திருட்டுப் பய தம்பி கொரல்லயே எனக்குப் போன் பண்ணுனான். தம்பி போட்ட வீடியோவையும் அழிச்சுட்டான். இப்ப தம்பி கணக்குலயே பூந்து எழுதறான். ஒருத்தரும் பணத்துல கை வெச்சுராதீங்க. தம்பி வந்து சொல்லட்டும்."

அதற்குக் கீழே கைதட்டல்கள் வந்துகொண்டேயிருந்தன. நன்றி அக்கா, நல்ல வேளை சொன்னீங்க அக்கா என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். யாரோ ஒருவர் அவனைக் குழுவிலிருந்து தூக்கச் சொல்லி ரோனிக்கு எழுதினார். மணி பதினொன்று இருபத்தாறுக்கு ரோனி அவனைத் தூக்கினான்.